கீழ்க்கட்டத்தில் ஒரு கோடு

மூன்றாவது மாடி என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொன்னபோதே எனக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஓடவில்லை என்று பதில் வந்தது. மூச்சுத் திணறுகிறவர்கள் எல்லோரும் ஏன் மூன்றாவது மாடியாகப் பார்த்துக் குடியேறுகிறார்கள் என்று டிரைவரிடம் எரிந்து விழுந்தேன். காலையிலிருந்து அது ஐந்தாவது அழைப்பு. மதியச் சாப்பாடு டப்பாவில் மூடியபடி இருந்தது. அவன் சைரனைப் போட்டான்.

ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராக எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். நிலையத்தில் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள், முகத்துக்கு நேராகவே. டிரைவருக்கு மாப்பிள்ளை என்று பெயர். சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருவான். எத்தனை பேர் அதன்மேல் வாந்தி எடுத்தாலும் மறுநாள் அதே மடிப்போடு வந்து நிற்பான். முப்பத்தைந்து வயது, என்னோடு மூன்று வருடமாக ஓடுகிறான், நல்லவன்தான்.

முகவரியை இரண்டாம் முறை படித்தபோதுதான் அது யார் வீடு என்று உறைத்தது. மாப்பிள்ளைக்கு முன்னால் பதினான்கு வருடம் என்னோடு வண்டி ஓட்டியவர் வீடு. அவரை நிலையத்தில் நிதானம் என்பார்கள். சைரன் அலறினாலும் அறுபதைத் தாண்ட மாட்டார், ஆனால் மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார். எனக்கு அவர் அண்ணன். கூடப் பிறந்தவர்களோடு சாப்பிட்டதைவிட அவரோடு வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான் அதிகம். அவர் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. போன வருடம் இதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று கேள்விப்பட்டேன். பார்க்கப் போக வேண்டும், போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகாமல் இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாளைக்கு ஆறு முறை நிற்கிறவள் உள்ளே எட்டிப் பார்க்க நேரமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள். எனக்கே வெட்கமாக இருந்தது.

அண்ணி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அவர் காலடியில் ஆஸ்பத்திரிப் பை தயாராக இருந்தது. துண்டு, பழைய ரிப்போர்ட்டுகள், ஃபோன் சார்ஜர், ஒரு தம்ளர். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் தெளிந்தது. "நீயா, நல்லதாப் போச்சு. நீ சொன்னா கேப்பாரு" என்றார்.

அண்ணன் கூடத்தில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று வாரமாக அந்த நாற்காலியில்தான் தூக்கமாம். முதுகுக்கு இரண்டு தலையணை, காலுக்கு ஒரு முக்காலி. பாதங்கள் வீங்கி, செருப்பின் வாரைக் கத்தரியால் வெட்டிவிட்டிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. விரலில் கருவியை மாட்டினேன், ஆக்சிஜன் எண்பத்தொன்று. முதுகில் காது வைத்துக் கேட்டால் நுரையீரல் முழுக்கத் தண்ணீர். எண்களை நான் அவருக்குச் சொல்லவில்லை. கருவியின் முகப்பைத் தன் பக்கம் திருப்பி அவரே பார்த்துக்கொண்டார்.

"வர மாட்டேன், சிடு" என்றார். "சுத்தி வளைக்காத. மறுப்புப் படிவத்தை எடு."

இங்கே எங்கள் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சுயநினைவோடு இருக்கிற ஒருவர் எங்களோடு வர மாட்டேன் என்று சொன்னால் அவரைத் தொட்டுத் தூக்க எங்களுக்கு உரிமை கிடையாது. நான்கு கேள்வி கேட்போம். பெயர் என்ன, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள், வராவிட்டால் என்ன ஆகும். நான்குக்கும் சரியாகப் பதில் சொன்னால் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். ஆனால் அவருக்கு நினைவு தவறிவிட்டால் கதை வேறு. நினைவில்லாதவர் சம்மதித்ததாகவே எடுத்துக்கொண்டு தூக்கிப் போகலாம். அதையும் வேண்டாம் என்கிறவர்களுக்காகப் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. நான் நினைவிழந்தாலும் இந்த மறுப்பு செல்லும் என்று அதில் அச்சடித்திருக்கும். அப்படியே விட்டால் செல்லும், குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டால் செல்லாது.

நாங்கள் எல்லோருக்கும் அடித்துவிடுவோம். கேட்பதில்லை. படிவத்தை நிரப்பும்போதே இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு ஒரு கோடு இழுத்து, அதன் பிறகுதான் கையெழுத்துக்கு நீட்டுவோம். மூச்சுத் திணறுகிற எவரும் அடியில் இருக்கிற பொடி எழுத்தைப் படிக்க மாட்டார். பிறகு கீழே இறங்கி, வண்டியைத் தெரு மூலையில் நிறுத்துவோம். வண்டியைக் கழுவுகிறோம் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னால் அரை மணி, முக்கால் மணிக்கு அடுத்த அழைப்பு வராது. அதற்குள் மேலே அவர் மயங்கி விழுவார், வீட்டார் கூப்பிடுவார்கள், இரண்டே நிமிடத்தில் போய்த் தூக்கிவிடுவோம். இதற்கு எங்களிடம் மூலையில் நிற்பது என்று பெயர். இதனால் பிழைத்தவர்கள் உண்டு. பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவர் இன்றைக்கும் எங்கள் வண்டியைக் கண்டால் கடையிலிருந்து எழுந்து கும்பிடு போடுவார். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் நிதானம் அண்ணன். கோடு போட ஆரம்பித்தவள் நான். இரண்டு பேருமே அதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அதனால் அவரிடம் என் சாமர்த்தியம் எதுவும் செல்லாது. கேள்வியைக் கேளு என்று அவரே அவசரப்படுத்தினார். பெயரைச் சொன்னார், என் பெயரையும் சேர்த்துச் சொன்னார். கிழமை செவ்வாய், ஆனால் ராத்திரி தூங்காதவனுக்கு இன்னும் திங்கள் முடியவில்லை என்றார். எங்கே இருக்கிறீர்கள் என்றதற்கு, பெண்டாட்டியின் கண்காணிப்பில் என்றார். மாப்பிள்ளை சிரித்துவிட்டு, அண்ணி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இப்ப எங்களோட வரலைன்னா என்ன ஆகும்?"

"செத்துப்போவேன். இன்னிக்கோ, நாளைக்கோ."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"உங்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவர் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் அண்ணி பேசினார். இவர் பேச்சைக் கேட்காதே, மூச்சு இல்லாத மனுசனுக்கு மூளை எப்படி வேலை செய்யும், போன தடவையும் இப்படித்தான் முரண்டு பிடித்தார், தூக்கிக்கொண்டு போனதால்தானே ஒரு வருடம் கூட இருந்தார் என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஒரு வருடத்தை அண்ணி கையால் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். உப்பில்லாமல் சமைத்து, தண்ணீரை அளந்து கொடுத்து, மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்து. என்னோடு மல்லுக்கு நிற்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

நான் என் பங்குக்குக் கெஞ்சிப் பார்த்தேன். ஒரு ஊசி, ஒரு நாள், தண்ணீர் வடிந்ததும் நானே கூட்டி வந்து விடுகிறேன் என்றேன். அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். சட்டைக் கைக்கு வெளியே மணிக்கட்டு தெரிந்தது. சுற்றிலும் வளையம் போல ஒரு கறுப்புத் தழும்பு. இன்னொரு கையிலும் இருந்தது.

போன வருடம் நடந்ததை அப்போதுதான் முழுசாகக் கேட்டேன். வேறு ஒரு வண்டி வந்திருக்கிறது. வேண்டாம் என்று இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர்கள் மூலையில் நின்று, மயங்கியதும் தூக்கிவிட்டார்கள். பத்தொன்பது நாள் செயற்கைச் சுவாசம். தொண்டைக்குள் குழாய், அதைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். அண்ணியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடம் நிற்க விடுவார்கள். காது அரிக்கிறது என்று சொல்ல வாயில்லை, சொறிந்துகொள்ளக் கையில்லை. இனி மூச்சு நின்றால் மறுபடி அந்தக் குழாய்தான், அதற்கப்புறம் கழற்ற முடியாது என்று இதய டாக்டரே சொல்லிவிட்டாராம்.

"பதினாலு வருஷம் வாசல்ல இறக்கி விட்டோமே, சிடு" என்றார். "உள்ள என்ன ஆச்சுன்னு ஒரு தடவையாவது போய்ப் பாத்தமா?"

பார்த்ததில்லை. ஸ்ட்ரெச்சரைக் கைமாற்றி, கையெழுத்து வாங்கி, போர்வையை உதறி மடித்துக்கொண்டு அடுத்த அழைப்புக்கு ஓடிவிடுவோம். பூட்டுக்காரர் ஒருவர் கும்பிட்டதை வைத்து மற்ற எல்லோர் கணக்கையும் சரிக்கட்டிக்கொண்டோம் என்று எனக்கு அப்போது தோன்றியது. அதற்கு மேல் வாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை.

"ரெண்டு விஷயம்" என்றார் அண்ணன். "கீழ்க்கட்டத்தை அடிக்காத. மூலையில நிக்காத."

"சரிண்ணா."

"ரெண்டுக்கும் சேத்துச் சொல்றியா?"

"ரெண்டுக்கும்தான்."

அட்டையில் படிவத்தைச் செருகி எழுத ஆரம்பித்தேன். அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டு, ஒரு பக்கம் எண்பத்தொன்று, நாடி நூற்று முப்பது என்று கட்டங்களை நிரப்பினேன். மூச்சிரைக்கிற அவரை மூக்குக்கண்ணாடியைத் தேடவிட வேண்டாம் என்று, பேனாவை விரல்களுக்குள் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நானே காட்டினேன். என்னை நம்பிப் போட்டார். சாட்சிக்கு வீட்டிலிருப்பவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணியிடம் நீட்டினேன்.

"இதுல நான் கையெழுத்து போட்டா, அவரை நானே கொன்ன மாதிரி" என்று சொல்லிவிட்டு அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டார். சாட்சி இடத்தைக் காலியாக விட்டு, படிவத்தைக் கோப்பில் சொருகினேன். ஆக்சிஜன் உருளை ஒன்றையும் மூக்குக் குழாயையும் வைத்துவிட்டுப் போகிறேன், அதற்காவது மறுப்புச் சொல்லாதீர்கள் என்றேன். சரி என்றார். கிளம்பும்போது, இந்த நிதானம் போய்ச் சேருவதிலும் யாரையும் முந்தப் போவதில்லை, பயப்படாதே என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் சிரித்து வைத்தேன்.

மாப்பிள்ளை வண்டியை எடுத்து, தெரு மூலையில், பஞ்சர் ஒட்டுகிற கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வருடப் பழக்கத்தில் வண்டி தானாகவே அங்கே போய் நின்றது மாதிரி இருந்தது. போ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பசிக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டியைக் கழுவுகிறோம் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னவளும் நான்தான். டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். சாப்பிட்டேனா என்று நினைவில்லை. அந்த மூன்றாவது மாடி ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தைந்து நிமிடம் கழித்து அழைப்பு வந்தது. அதே வீடு, நினைவில்லை, மனைவி பேசினார். மாப்பிள்ளை அதற்குள் கியரைப் போட்டிருந்தான்.

மேலே போனபோது அண்ணி செருப்புப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அண்ணன் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். கூப்பிட்டேன், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தினேன், கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது, விட்டு விட்டு, நடுவில் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு இடைவெளி விட்டு.

"இப்ப அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. தூக்குங்க" என்றார் அண்ணி.

மாப்பிள்ளை, நோயாளியை உட்காரவைத்து இறக்குகிற மடக்கு நாற்காலியை விரித்துவிட்டான். நான் அவனைப் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தேன். இவர் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார், கீழ்க்கட்டம் செல்லும், தொடக்கூடாது என்று காட்டத்தான் திறந்தேன். கட்டத்தின் குறுக்கே, இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு, ஒரு கோடு. நேராக, அழுத்தமாக, என் கோடு.

எப்போது இழுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி தோளை உலுக்கியபோதோ, எண்களை எழுதும்போதோ. சரிண்ணா என்று வாய் சொல்லி முடிப்பதற்குள் கை தன் வேலையைப் பார்த்துவிட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் என்று சொல்லலாம். மனசுக்குள் அவர் சாகக்கூடாது என்று இருந்தது, அதுதான் கையைப் பிடித்து இழுத்தது என்றும் சொல்லலாம். எது உண்மை என்று இன்றுவரை நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எப்படியானாலும் அவர் கையெழுத்துப் போட்டது அவர் சொன்னதற்கு நேர் எதிரான காகிதத்தில். நான் இடத்தைக் காட்டினேன், அவர் போட்டார்.

மாப்பிள்ளை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "கோடு இருக்கேக்கா. அப்புறம் என்ன, தூக்கிடலாம்" என்றான். அவன் குரலில் எந்தச் சூதும் இல்லை, நிம்மதிதான் இருந்தது. அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பொய் சொல்வானேன், எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. காகிதமே சொல்லிவிட்டது, இனி நான் முடிவெடுக்க வேண்டியதில்லை. தூக்கிப் போய் வாசலில் இறக்கிவிட்டு, போர்வையை உதறி மடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

மறுப்பு எழுதியவரை அதே நாளில் தூக்குவதென்றால் பணியிலிருக்கும் டாக்டரிடம் ஃபோனில் கேட்க வேண்டும் என்பது விதி. கூப்பிட்டேன். வயது, இதயத்தின் நிலை, இப்போதைய மூச்சு, எல்லாம் சொன்னேன். பெண் டாக்டர், அவர் குரலிலும் தூக்கமில்லாத களைப்பு இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"காகிதத்துல என்ன இருக்கு?"

அண்ணன் கைகளைப் பார்த்தேன். மடியில் ஒன்று, நாற்காலி விளிம்பில் ஒன்று. கட்டு இல்லாமல் இருந்தன. தழும்பு இந்த வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது.

"கீழ்க்கட்டத்துல கோடு போட்டிருக்கு டாக்டர்" என்றேன். "அது நான் போட்ட கோடு. அவரு போட வேணாம்னு சொன்னாரு. சரின்னு சொல்லிட்டு நான் போட்டுட்டேன். நினைவு போனாலும் கொண்டுபோகக் கூடாதுங்கறதுதான் அவரு சொன்னது."

நான் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியுமா என்று டாக்டர் கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் அதையே படிவத்தில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போடுங்கள், விசாரணை வரும், பொறுப்பு உங்களுடையது என்றார். மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க ஒரு மருந்தின் அளவைச் சொன்னார். கூடவே இருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அண்ணி என்னை அடித்தார். பையால் ஓங்கி, தோளில், இரண்டு தடவை. உன்னைத் தங்கச்சி தங்கச்சி என்றாரே, உனக்கு முதல் பிடி எடுத்து வைக்காமல் அவர் ஒரு நாளாவது சாப்பிட்டதுண்டா, இந்தக் கோட்டுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உன் குடியா முழுகியிருக்கும் என்றார். எல்லாம் நியாயமான கேள்விகள். மாப்பிள்ளை மடக்கு நாற்காலியைப் படாரென்று மடக்கி எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டான்.

கோட்டுக்குக் கீழே எழுதினேன். இந்தக் கோடு என் பிழை. நோயாளி நினைவிழந்தாலும் மறுப்பு செல்ல வேண்டும் என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். நேரம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். கையெழுத்து. எழுத்து கோணலாக வந்தது.

மருந்தைக் கொடுத்தேன், தலையணையை நிமிர்த்தினேன், வாயோரத்தைத் துடைத்தேன். மூச்சின் இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. செய்ய வேறு வேலை இல்லாமல் போனது. வேலையில்லாமல் ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் நான் நின்றதே கிடையாது. அண்ணி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார், இன்னும் செருப்போடு.

"அண்ணி, பையை வைங்க" என்றேன். "வந்து கையைப் பிடிச்சுக்கங்க. போன தடவை உங்களைப் பிடிக்க விடலைல."

உடனே வரவில்லை. பையையும் வைக்கவில்லை. பையோடு வந்து முக்காலியில் உட்கார்ந்து, அண்ணனுடைய வீங்கின பாதத்தை முதலில் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், பிறகு கையைப் பிடித்தார். அண்ணன் விரல்கள் லேசாக மடங்கின. பிடிக்கிறாரு பாரு என்றார் அண்ணி. விரல்கள் அந்த நேரத்தில் தாமாகவே மடங்கும் என்று எனக்குத் தெரியும். ஆமா அண்ணி என்றேன்.

அண்ணி அவரிடம் பேசினார். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் போனது, லிஃப்ட் பழுது பார்க்க ஆள் வருவதாகச் சொல்லி வராதது, காலையில் அவர் பால் வேண்டாம் என்று சொன்னதற்குத் தான் கத்தியது. கத்தியிருக்க வேண்டாம் என்றார். பிறகு அவருடைய காதைச் சொறிந்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன். அங்கிருந்து பார்த்தால் பஞ்சர் கடையும், நாங்கள் நின்ற இடமும் தெளிவாகத் தெரிந்தன.

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு மூச்சு நின்றது. அடுத்தது வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். வரவில்லை.

நேரத்தைக் குறித்துக்கொண்டு, செய்ய வேண்டியதை முடித்து, கோப்பை மூடப் போனேன். அண்ணி கையை நீட்டினார். படிவத்தைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை, பொடி எழுத்து உட்பட, ஒரு வரி விடாமல் படித்தார்.

"உங்க நிலையத்துலேருந்து இங்க வர பன்னெண்டு நிமிஷம் ஆகும். அவரு எத்தனை தடவை சொல்லியிருக்காரு" என்றார். "நான் ஃபோனை வச்சு, செருப்பை மாட்டறதுக்குள்ள நீங்க படியேறிட்டீங்க. மூலையிலதான நின்னீங்க?"

"ஆமா அண்ணி."

"ரெண்டு சொன்னாரு. ஒண்ணைக் கோட்டைப் போட்டு மீறின, ஒண்ணை அங்க நின்னு மீறின."

பேனா கொடு என்றார். சாட்சி என்று போட்டிருந்த காலி இடத்தில், நிறுத்தி நிறுத்தி, தன் முழுப் பெயரை எழுதினார்.

"அவரு சொன்னதை நானும் கேட்டேன். விசாரணையில யாரு கேட்டாலும் சொல்றேன். உனக்காக இல்லை." படிவத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "இனிமே இந்த வீட்டுக்கு வராத."

சரி அண்ணி என்று சொல்லிவிட்டு மூன்று மாடி இறங்கினேன். மாப்பிள்ளை எனக்கு முன்னால் மடக்கு நாற்காலியைச் சுமந்துகொண்டு இறங்கினான். வண்டியில் ஏறி, என் டப்பாவை எடுத்து மூடி வைத்தான்.

கட்டுப்பாட்டு அறைக்காரி கேஸை முடிக்க விவரம் கேட்டாள். நேரங்களைச் சொன்னேன். முதல் அழைப்புக்கும் இரண்டாவது அழைப்புக்கும் நடுவில் முப்பத்தைந்து நிமிடம் வண்டி கழுவினதாகப் போட்டிருக்கிறது, அப்படியே முடித்துவிடட்டுமா என்றாள். எப்போதும் கேட்கிற கேள்விதான், எப்போதும் உம் என்று சொல்லிவிடுவேன். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கழுவலை" என்றேன். "நான்தான் மூலையில நிறுத்தி வச்சேன்."

எதற்கு என்று கேட்டாள். புதுசு போலிருக்கிறது, பழையவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள்.

"அவருக்கு நினைவு தப்பட்டும்னு" என்றேன். "அப்படியே எழுதிக்கம்மா."